தோள் அளவு

தவநாயகி அக்காவின் முப்பத்தோராம் நாளுக்கு நினைவுமலர் அச்சடிக்கிறோம், ஒரு பக்கத்தில் வாழ்க்கைக் குறிப்பு எழுதித் தாருங்கள் என்று ஊர்ச் சங்கத்தார் கேட்டார்கள். எழுதிக் கொடுத்தேன். யாழ்ப்பாணத்து அளவெட்டியில் பிறந்தார், காலஞ்சென்ற பத்மநாதனின் அன்பு மனைவி, சுவிஸில் வாழும் கனகலிங்கத்தின் பாசமிகு தாயார், எல்லோருக்கும் இனியவர், அமைதியானவர். எல்லா மலரிலும் இருக்கிற அதே பக்கம்தான். பெயரை மாற்றிவிட்டால் நாளைக்கு எனக்கும் அச்சடிக்கலாம். அதை அச்சகத்தில் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தபோது எனக்கு என்மேலேயே பற்றிக்கொண்டு வந்தது. அதில் அக்காவே இல்லை. மலரில் போட முடியாததை இங்கே எழுதுகிறேன். யாரும் அச்சடிக்க வேண்டாம்.

மகன் சுவிஸிலிருந்து வர வழியில்லாததால் செத்தவீட்டில் மகனுக்குரிய கடமையையும் என்னையே செய்யச் சொன்னார்கள். தகனசாலையில் அந்தப் பொத்தானை அழுத்தியவன் நான். யாராவது ஒருவருக்கு விஷயம் தெரிந்திருந்தால் என் கையைத் தட்டிவிட்டிருப்பார்கள். ஏனென்றால் அக்காவின் மகனைக் கொன்றவன் நான். கடதாசியில் கொன்றேன், 1985 ஜூன் மாதம், லண்டன் நோர்பரியில், ஒரு பலசரக்குக் கடையின் பின்னறையில்.

அந்த நாட்களில் நான் படிவம் நிரப்புகிறவன். அரிசி மூட்டைகளுக்கு நடுவே ஒரு மேசை, ஒரு மின்சார அடுப்பு, இரண்டு கதிரை. வந்திறங்குகிற சனத்துக்கு அகதி விண்ணப்பம், கவுன்சில் வீட்டுப் படிவம், பெனிபிட் என்கிற உதவிப்பணப் படிவம் எல்லாம் அங்கேதான். எனக்கு இங்கிலீஷ் ஓரளவு ஓடும், வாய் அதைவிட வேகமாக ஓடும். குலசேகரத்துக்குத் தெரியாத சட்டம் இல்லை என்று சனம் நம்பியது. நானும் நம்பினேன். அதுதான் கேடாகப் போயிற்று.

அக்காவுக்கு அப்போது நாற்பத்தைந்து வயது. கணவர் முன்பே மாரடைப்பில் போய்விட்டார். ஒரே பிள்ளை கனகலிங்கம். பதினேழு வயதில், முந்தின வருடம், ஆள் கடத்தி அனுப்புகிற ஓர் ஏஜென்ஸிக்காரனின் பின்னால் கிழக்கு பேர்லின் வழியாகப் போய் சுவிஸில் இறங்கியிருந்தான். ஆமிக்காரர் வீடு வீடாக ஏறத் தொடங்கியதும், கணவரின் உறவுக்காரர் ஒருவர் அக்காவுக்கு லண்டனுக்கு டிக்கெட் போட்டுக் கொடுத்தார். லண்டனும் சுவிஸும் பக்கத்துப் பக்கத்து ஊர், காலையில் பஸ் எடுத்தால் பின்னேரம் மகனிடம் போய்விடலாம் என்று நினைத்துத்தான் அவர் விமானம் ஏறினார். சிரிக்க வேண்டாம். நானும் அப்படித்தான் வந்தவன்.

அவருடைய விண்ணப்பத்தை எழுதும்போது பிள்ளைகள் பற்றிய கேள்வி வந்தது.

"மகன் சுவிஸிலை இருக்கிறான் எண்டு எழுதினால் அங்கை போ எண்டு சொல்லுவாங்கள் அக்கா. கேஸ் நிக்காது. ஆமி சுட்டதெண்டு எழுதுவம்" என்றேன்.

"உயிரோடை இருக்கிற பிள்ளையை எப்பிடித் தம்பி அப்பிடி எழுதிறது?"

"கடதாசியிலைதானே அக்கா. கடதாசிக்கு உயிர் இருக்கே?"

அந்த வசனம் அப்போது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. பிறகு வேறு பலருக்கும் அதைச் சொல்லியிருக்கிறேன். அக்கா மின்சார அடுப்பின் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு தலையாட்டினார். நான் 1984 நவம்பர் 9, காலை ஆறரை மணி, வீட்டு வாசல் என்று எழுதினேன். எந்தப் பக்கத்து நெஞ்சில் சூடு பட்டது என்பதுகூட எழுதினேன். குரோய்டன் குடிவரவு அலுவலகத்தில் விசாரணை நடந்தபோது அவர் அழுதார். உண்மையான அழுகை. பிள்ளையைத் தன் வாயால் சாகடித்ததற்கு அழுதார். அடுத்த வருடம் தங்கியிருக்க அனுமதி கிடைத்தது. நான் பெருமைப்பட்டேன். அவர் எனக்கு நன்றி சொல்லவில்லை.

அதன்பிறகு அக்காவின் வாயில் பொய் என்பதே வரவில்லை. அவர் வேலை செய்தது நோர்பரியில் ஒரு ட்றைகிளீனிங் கடையில். சைப்பிரஸ்காரர் ஒருவருடைய கடை. அளவு குறைக்கிறது, கூட்டுகிறது, ஸிப் மாற்றுகிறது எல்லாம் அக்கா. உடுப்புப் பையில் ஒரு பென்னி கிடந்தாலும் உறையில் போட்டு ரசீது இலக்கம் எழுதி ஒட்டி வைப்பார். பஸ் கண்டக்டர் காசு வாங்க மறந்தால் இறங்குகிற இடத்தில் அவனைத் தேடிப் பிடித்துக் கொடுப்பார். பிறந்த பிள்ளையைப் பார்க்க அக்கா வந்தால் 'வடிவாய் இருக்கோ' என்று கேட்டுத் தொலைக்காதீர்கள், வடிவில்லையென்றால் இல்லையென்றுதான் சொல்லுவா என்று பெண்கள் தங்களுக்குள் பகிடி பண்ணுவார்கள். அவருக்கு அது பகிடி இல்லை. ஒரு பொய்க்கான வட்டியை அவர் இப்படிக் கட்டிக்கொண்டிருந்தார் என்று எனக்கு மட்டும் தெரியும்.

ஒவ்வொரு வருடமும் நவம்பர் 9ஆம் திகதி விம்பிள்டன் பிள்ளையார் கோயிலுக்குப் போய் மகன் பெயரில் அர்ச்சனை செய்வார். பெயர், நட்சத்திரம் என்று ஐயர் கேட்டால், மண்டபத்தின் கடைசி வரைக்கும் கேட்கிற மாதிரி, "கனகலிங்கம், அனுஷம்" என்பார். ஒருமுறை நானும் பக்கத்தில் நின்றேன். "பிள்ளைக்குப் பிறந்த நாளோ அம்மா?" என்று ஐயர் கேட்டார்.

"இல்லை ஐயா. அவன் சாகாத நாள்" என்றார் அக்கா. ஐயருக்கு விளங்கவில்லை. நான் கற்பூரத்தட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மகனோடு ஞாயிற்றுக்கிழமைகளில் தொலைபேசிப் பேச்சு. அவன் சுவிஸ் மலையொன்றின் உச்சியில் பனியில் சறுக்க வருகிற ஸ்கீக்காரருக்குச் சாப்பாடு போடுகிற உணவகத்தில் கோப்பை கழுவினான், பிறகு வெங்காயம் வெட்டினான், பிறகு சமையலுக்கு உயர்ந்தான். அவனுடைய அகதி வழக்கு பத்து வருடமாக இழுபட்டது. அது முடியும்வரை சுவிஸை விட்டு வெளியே கால் வைக்க ஏலாது. அக்காவிடம் இருந்தது இங்கே அகதிகளுக்குக் கொடுக்கிற ஒரு பயணப் பத்திரம். அதில் சுவிஸ் விசா எடுக்கலாம். எடுக்க வேண்டுமானால் யாரிடம் போகிறாய், உனக்கு என்ன முறை என்று எழுதவேண்டும். மகன் என்று எழுதினால் பழைய கோப்பில் செத்தவன் எழும்பி வருவான். வேறு யாரோ என்று எழுத அக்கா ஒப்பவில்லை. பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பிப்போம் என்று நான் தலைகீழாக நின்றேன். பிள்ளைகள் எத்தனை பேர் என்று கேட்கிற எந்தப் படிவத் துண்டையும் இனித் தொடமாட்டேன் என்றுவிட்டார். இப்படி ஒன்பது வருடம்.

1994 ஜனவரியில் ஒரு சனிக்கிழமை அக்கா என் பின்னறைக்கு ஓடி வந்தார். ஓடி வந்தார் என்று சும்மா எழுதவில்லை. அவர் ஓடி அன்றைக்குத்தான் பார்த்தேன். கையில் மடித்த கடதாசி ஒன்று. விடுமுறைக்குப் போய்வந்த யாரோ கழுவக் கொடுத்த ஸ்கீ ஜக்கெற்றின் பையில் கிடந்ததாம். சொந்தக்காரரைக் கூப்பிட்டுக் கேட்டு, வேண்டாம் வைத்துக்கொள் என்று அவர் சொன்னபிறகுதான் எடுத்து வந்தார்.

அது ஒரு பெரிய மலைப் பிரதேசத்தின் வரைபடம். பத்துப் பன்னிரண்டு ஊர்களைச் சேர்த்து ஒரே ஸ்கீ வலயமாக்கியிருந்தார்கள். பச்சை, நீலம், சிவப்பு, கறுப்பு என்று சறுக்குப் பாதைகள், அவற்றுக்குக் குறுக்கே கம்பியில் தொங்கிப் போகிற லிப்ற்றுகள். தையல்காரி என்பதால் அக்காவுக்கு அது உடுப்பு வெட்டுகிற மாதிரித்தாள் போல உடனே விளங்கிவிட்டது. எனக்குத் தலை சுற்றியது.

"இதைப் பாரும் தம்பி" என்று விரலை வைத்தார். மலைமுகட்டின் ஒரு பக்கம் சின்ன எழுத்தில் ஓர் உணவகத்தின் பெயர். மற்றக் கையில் மகன் அனுப்பிய கடித உறை. அதன் பின்பக்கத்து முகவரியை எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுக் காட்டினார். லா மார்மோத். அதே பெயர்தான்.

"இந்தப் புள்ளிக் கோடு என்ன?" என்றார்.

பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். முகட்டின் நெடுகப் போன அந்தப் புள்ளிக் கோட்டின் ஒரு பக்கத்தில் பிரான்ஸ், மறு பக்கத்தில் சுவிஸ் என்று போட்டிருந்தது. உணவகம் சுவிஸ் பக்கம். கோட்டிலிருந்து அரை விரற்கடை.

"பிரான்ஸ் பக்கத்தாலை மேலை போகலாமே?" என்று அக்கா கேட்டார். "நான் கோட்டுக்கு இஞ்சாலை நிப்பன். அவன் அங்காலை வந்து நிக்கட்டும். நானும் தாண்டேல்லை, அவனும் தாண்டேல்லை. ஒருத்தருக்கும் பொய் சொல்லத் தேவையில்லைத்தானே?"

அந்த ஒன்பது வருடத்தில் அவர் தானாக என்னிடம் கேட்ட முதல் உதவி அது. நான் வரைபடத்தைப் பார்ப்பதுபோல முகத்தை மறைத்துக்கொண்டேன்.

ஐந்து கிழமை, ஒரு மாதத்துக்கு மேல், வேறு வேலையே பார்க்கவில்லை. நோர்பரியில் இருந்த பயண முகவர் நிலையங்களிலெல்லாம் ஸ்கீ விடுமுறைப் புத்தகங்களை அள்ளிக்கொண்டு வந்தேன். அரிசி வாங்க வந்த சனம், பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிற வெள்ளைக்காரக் குடும்பங்களின் படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தது. குலசேகரத்துக்குக் காசு கூடிவிட்டது என்று கதை பரவியது. பிரான்ஸ் பக்கத்து ஊர் ஒன்றில் ஒரு கிழமை, பஸ் பயணத்தோடு, அறையும் சாப்பாடும் சேர்த்து. அப்படி மொத்தமாகப் பதிவு செய்திருந்தால் பிரெஞ்சு விசா சுலபம். அதுதான் என் திட்டம்.

பதிவுப் படிவத்தில் உங்கள் ஸ்கீத் தரம் என்ன என்ற கேள்விக்கு 'ஆரம்ப நிலை' என்று போட்டேன். அக்கா எட்டிப் பார்த்தார்.

"நான் சறுக்கப் போறேல்லையே. பிறகேன் அப்பிடிப் போடுறீர்?"

"எல்லாரும் ஆரம்பத்திலை ஆரம்ப நிலைதானே அக்கா!"

"அது பொய் தம்பி."

தலையிலடித்துக்கொண்டு முகவருக்குத் தொலைபேசி எடுத்தேன். சறுக்காதவர்களுக்கும் ஒரு பெட்டி இருந்தது, பக்கத்தின் கடைசியில். அதில் கீறிவிட்டு அக்காவுக்குக் காட்டினேன். அப்போதுதான் கையெழுத்து வைத்தார்.

பிறகு லிப்ற். காலில் ஸ்கீ இல்லாத ஆட்களை எல்லா லிப்ற்றிலும் ஏற்றமாட்டார்களாம். ஊரிலிருந்து நடு மலைக்குப் பெட்டி லிப்ற், அதில் பிரச்சினை இல்லை. அங்கிருந்து முகட்டுக்குக் கதிரை லிப்ற் இரண்டு. ஒன்றில் நடந்து போகிறவர்களையும் ஏற்றுவார்கள், காற்று அடித்தால் நிறுத்திவிடுவார்கள். இதைக் கண்டுபிடிக்க நான் எனக்குத் தெரிந்த கொஞ்சப் பிரெஞ்சையெல்லாம் தொலைபேசியில் கொட்டித் தீர்த்தேன். லிப்ற்றால் இறங்கி எல்லைக்கல் வரைக்கும் நானூறு மீற்றர், மட்டமான பாதை. மகனுக்குப் புதன்கிழமை மத்தியானம் இரண்டு மணியிலிருந்து நாலு மணிவரை ஓய்வு. அக்கா பஞ்சாங்கத்தைப் புரட்டி, மார்ச் மாதத்தில் அட்டமி நவமி விழாத ஒரு புதன்கிழமையைப் பிடித்தார். பனி இருக்குமா என்று நான் பார்த்தேன், நாள் நல்லதா என்று அவர் பார்த்தார். இரண்டும் ஒரே கிழமையில் பொருந்தியபோது அக்கா சிரித்தார். முன்பல் ஒன்று கொஞ்சம் சரிவு என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

கடையில் யாரும் திருப்பி எடுக்க வராத ஒரு நீல ஸ்கீ ஜக்கெற் நாலு வருடமாகத் தொங்கியது. முதலாளியிடம் கேட்டு வாங்கினார். மலையில் வேலை செய்கிறவனுக்கு நல்ல ஜக்கெற் இருக்காது என்று ஒரே கவலை. ஆறடி ஆளுக்குத் தைத்தது அது. அக்கா தோளைப் பிரித்து, பக்கத்தைப் பிரித்து, உள்ளே இருந்த பஞ்சைக் கழித்து, வெட்டிச் சிறுப்பித்து, திரும்பவும் தைத்தார். மெசினில் ஊசி மூன்று முறிந்தது. "அளவு எப்பிடி அக்கா தெரியும்?" என்று கேட்டேன்.

"எனக்குத் தெரியாதே? பள்ளிக்கூடச் சட்டை முழுக்க நான்தானே தைச்சனான்" என்றார். எனக்கும் அது சரியாகவே பட்டது. இரண்டு பேருமே யோசிக்கவில்லை.

விசாவுக்குப் பிரெஞ்சுத் தூதரகம் போகிற நாளில் எல்லாத் தாள்களையும் ஒழுங்குபடுத்தி உறையில் வைத்திருந்தேன். முதலாளியின் கடிதம், பதிவுத் துண்டு, காப்புறுதி, பயணப் பத்திரம், நான் நிரப்பிய விண்ணப்பம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஓர் இளம் பெண். மரியாதையான பிள்ளை, குறை சொல்ல ஒன்றுமில்லை. தாள்களைப் பார்த்துப் புன்னகைத்தாள்.

"நீங்கள் ஸ்கீ செய்வீர்களா, அம்மா?" என்று இங்கிலீஷில் கேட்டாள்.

நான் முந்திக்கொண்டேன். இல்லை, மலையைப் பார்க்க ஆசைப்படுகிறார், அவ்வளவுதான் என்றேன். அது முடிந்திருக்கவேண்டும். அந்தப் பெண் முத்திரையைக் கையில் எடுத்துவிட்டாள், கடவுளறிய என் கண்ணால் கண்டேன். அப்போது அக்கா கண்ணாடிக்குக் கிட்டப் போய், ட்றைகிளீனிங் கடையில் படித்த இங்கிலீஷில் ஆறுதலாக, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்: "மலைக்கு இல்லை. என் மகன் அங்கே இருக்கிறான். மகனைப் பார்க்கப் போகிறேன்."

அந்தப் பெண் முத்திரையைக் கீழே வைத்தாள். விண்ணப்பத்தைத் திருப்பி இரண்டாம் பக்கத்தைப் பார்த்தாள். 'ஐரோப்பாவில் வசிக்கும் நெருங்கிய உறவினர்' என்ற இடத்தில் என் கையெழுத்தில் 'எவரும் இல்லை' என்று இருந்தது. அக்காவிடம் கேட்டு எழுதவில்லை. யோசித்தும் எழுதவில்லை. பத்து வருடமாக எத்தனையோ பேருக்கு எழுதி எழுதிக் கை தானாகவே அதை எழுதிவிட்டது.

பொய்யான விவரம் கொடுத்த விண்ணப்பம் என்று நிராகரித்தார்கள். ஆறு மாதத்துக்கு மறுபடி கேட்க ஏலாது.

வெளியே வந்ததும் நடைபாதையில் நின்று அக்காவோடு கத்தினேன். தவறு என்னுடையது என்று தெரிந்தே கத்தினேன். "வாயைப் பொத்திக்கொண்டு நிண்டிருந்தால் அடுத்த மாதம் மகனைப் பாத்திருப்பியளே! ஆர் உங்களைக் கேட்டது? சொர்க்கத்திலை உங்களுக்குத் தனிக் கதிரை போட்டு வைச்சிருக்கினமே?" என்று என்னென்னவோ சொன்னேன். போகிற வருகிற வெள்ளைக்காரர்கள் ஒதுங்கிப் போனார்கள்.

அக்கா எல்லாம் கேட்டுக்கொண்டு நின்றார். "ஒருக்கா அவன் இல்லை எண்டு சொன்னனான் தம்பி. இன்னொருக்கா ஏலாது. என்னாலை ஏலாது" என்றார். நான் உறையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தேன்.

இரண்டு நாள் கழித்து ஜக்கெற்றைப் பொதி செய்துகொண்டு பின்னறைக்கு வந்தார். "உம்மட்டை பிரிட்டிஷ் பாஸ்போர்ட் இருக்குத்தானே. பதிவை உம்மடை பேருக்கு மாத்தும். நீர் போம்."

"நான் போய் என்ன அக்கா செய்ய?"

"பத்து வருசம். படத்திலையும் குரலிலையும்தான். எங்கடை ஆக்கள் ஆரும் ஒராள் அவனைக் கண்ணாலை பாத்திட்டு வந்து எனக்குச் சொன்னால் போதும். அவ்வளவும் காணும் தம்பி."

ஞாயிற்றுக்கிழமை மகனுக்கு உண்மையைச் சொல்லிவிட்டதாகவும் சொன்னார். அம்மா வரவில்லை, குலசேகரம் அண்ணை வருகிறார் என்று. அவன் 'சரி' என்று மட்டும் சொன்னானாம்.

அப்படித்தான் வாழ்க்கையில் முதல்முறையாக நான் ஸ்கீ விடுமுறைக்குப் போனேன். பஸ்ஸில் எல்லோரும் பாட்டுப் பாடினார்கள். எனக்குப் பக்கத்தில் நீல ஜக்கெற் பொதி இருந்தது. புதன்கிழமை காற்று இல்லை, வெயில் எறித்தது. கதிரை லிப்ற் ஓடியது. நானூறு மீற்றரும் நாங்கள் கணக்குப் போட்டபடியே மட்டமாக இருந்தது. அவர் வந்திருந்தால் சுகமாக நடந்திருப்பார்.

எல்லைக்கல் முழங்கால் உயரம்கூட இல்லை. சறுக்குகிறவர்கள் அதைத் திரும்பியும் பார்க்காமல் அங்கும் இங்கும் பறந்துகொண்டிருந்தார்கள். ஒரு சின்னப் பிள்ளை பிரான்ஸிலிருந்து சுவிஸுக்குப் போய்த் திரும்பி வந்து, இன்னொருமுறை போனது.

கல்லுக்கு அந்தப் பக்கம் கனகலிங்கம் நின்றான். பக்கத்தில் ஒரு மடக்குக் கதிரை விரித்து, அதன்மேல் கம்பளி மடித்துப் போட்டிருந்தது. ஒரு சுடுதண்ணிப் போத்தல்.

"கதிரை எனக்கே?" என்று கேட்டேன். வேறு என்ன பேசுவதென்று தெரியவில்லை.

"இல்லை அண்ணை. அம்மாக்கு. வரேல்லை எண்டு சொன்னவாதான். எண்டாலும், சிலவேளை உங்களோடை வந்திட்டாலும் எண்டு..."

நான் பொதியை நீட்டினேன். அவன் பிரித்து, தன் பழைய மேற்சட்டையைக் கழற்றிவிட்டு, ஒரு கையை விட்டான். முழங்கைக்கு மேல் ஏறவில்லை. மற்றக் கையை விட்டுப் பார்த்தான். முதுகில் தையல் இழுபட்டது. பதினேழு வயதுப் பொடியனுக்குத் தைத்த சட்டை. அதைக் கழற்றி மடித்தான்.

"அந்தத் துண்டை எழுதினது நீங்கள்தானே, அண்ணை? நான் செத்தது."

"ஓம்."

"நானும் எழுதினனான். வந்த புதிசிலை, எங்கடை ஒராள் சொல்லித்தந்தது. அம்மா ஷெல் விழுந்து செத்துப்போனா எண்டு எழுதி வைச்சிருக்கிறன். எனக்கு ஒருத்தரும் இல்லை எண்டு." குரல் மாறவில்லை, அப்படியே சொன்னான். "அதுதான் இஞ்சையிருந்து அவவைக் கூப்பிட ஏலாமல் கிடக்கு. அவவுக்குச் சொல்லிப்போடாதையுங்கோ. கோயிலிலை எனக்கு அர்ச்சனை செய்யிறா."

போத்தலில் பால்தேத்தண்ணி இருந்தது. எனக்கு ஊற்றித் தந்தான். நாலு மணிக்குக் கதிரையை மடித்துத் தோளில் போட்டு, ஜக்கெற்றையும் எடுத்துக்கொண்டு இறங்கிப் போனான். எனக்கு எந்த விசாவும் தேவையில்லை, கல்லைத் தாண்டிப் போய் அவனை ஒருமுறை கட்டிப் பிடித்திருக்கலாம். நான் தாண்டவில்லை.

லண்டனுக்கு வந்த அன்று பின்னேரமே அக்காவின் அறைக்குப் போனேன். மெசின் மேசைக்கு முன்னால் என்னை இருத்தி, தானும் எதிரே இருந்தார். கதிரை கொண்டுவந்ததைச் சொன்னேன். தேத்தண்ணியைச் சொன்னேன். வெயில் எறித்ததைச் சொன்னேன்.

"வேறை என்ன சொன்னவன்?"

"வேறை ஒண்டுமில்லை அக்கா" என்றேன். கை தானாக எழுதியதுபோல வாயும் தானாகச் சொல்லியது.

"ஜக்கெற் அளவாய் இருந்துதோ?"

ஓம் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். அவர் பார்த்த பார்வையில் அது மட்டும் வரவில்லை. "இல்லை அக்கா. கை ஏறேல்லை. தோள் பத்தேல்லை."

அக்கா அழவில்லை. விசா மறுத்த அன்றும் அழாதவர். மேசையில் கிடந்த நூல்கட்டையை நிமிர்த்தி வைத்தார். "மிச்சத் துணியை வெட்டி எறிஞ்சிட்டன். இனி அதை விரிக்க ஏலாது" என்றார். பிறகு அளவு நாடாவை எடுத்தார். "வேறை தைப்பம். தோள் எவ்வளவு வரும்? கையாலை காட்டும்."

இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினேன். அவர் என் கைகளுக்கு நடுவே, ஒன்றுமில்லாத இடத்தில், நாடாவைப் பிடித்து அளந்தார். பத்தொன்பதரை. சோக்கட்டியால் மேசையில் எழுதினார். எந்த அளவையும் இரண்டுதரம் எடுப்பது அவருடைய வழக்கம். "கையை விட்டிட்டுத் திருப்பிக் காட்டும்" என்றார். காட்டினேன். இருபத்திரண்டு. மூன்றாந்தரம் பதினெட்டு.

அக்கா நாடாவைக் கீழே வைத்தார். "முகம் ஆரைப்போலை? தேப்பனைப் போலையோ, என்னைப் போலையோ?"

நான் நினைத்துப் பார்த்தேன். அவனுடைய சப்பாத்து ஞாபகம் வந்தது. சமையலறையில் போடுகிற கறுப்புச் சப்பாத்து, இடது காலில் வெங்காயத் தோல் ஒட்டியிருந்தது. மடக்குக் கதிரையின் கோடுகள் ஞாபகம் வந்தன. எல்லைக்கல்லில் வெட்டியிருந்த இலக்கம் ஞாபகம் வந்தது. அவன் நின்ற இரண்டு மணித்தியாலமும் வெட்கத்தில் நான் நிலத்தைத்தான் பார்த்திருக்கிறேன்.

"நீர் அவனைப் பாக்கேல்லைப் போலை" என்றார் அக்கா. கோபமாகச் சொல்லவில்லை.

அவர் மேசையில் எழுதிய மூன்று இலக்கங்களையும் உள்ளங்கையால் அழித்தார். பிறகு எனக்குத் தேத்தண்ணி போட எழும்பினார்.